உணவு சரி, காரணம் வேறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் மாநிலங்களின் மருத்துவமனைக் கட்டில்களை நிரப்பிய நோய்களில் பெரிபெரியும் ஒன்று. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து ஆட்கள் செத்தார்கள். வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். அதே மண்ணில், அதே வெயிலிலும் மழையிலும், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த தோட்டத்துத் தமிழர்களை மட்டும் இந்த நோய் ஏறக்குறையத் தொடவே இல்லை. அவர்கள் சுகமாக வாழ்ந்தார்கள் என்று இதற்குப் பொருளல்ல. மலேரியாவும் வயிற்றுப்போக்கும் அவர்களை வாரிக்கொண்டுதான் போயின. பெரிபெரி மட்டும் விலகி நின்றது. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தலைமை மருத்துவராகச் சிரம்பானில் பணியாற்றிய வில்லியம் லெனார்டு பிராடன் இந்த வேறுபாட்டைக் கவனித்து, சோற்றுப் பானைக்குள் காரணம் தேடினார். சீனர்கள் தின்றது ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் தின்றது நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திக் குத்திய புழுங்கலரிசி. கிராமத்து மலாய்க்காரர்கள் அன்றன்றைக்கு வீட்டில் குத்திய அரிசியைத் தின்றார்கள். அவர்களுக்கும் நோய் அரிது. தீட்டிய பச்சரிசிதான் குற்றவாளி என்று பிராடன் முடிவு கட்டி, 1907-இல் பெரிபெரியின் காரணத்தையும் தடுப்பையும் பற்றிப் பெரிய நூல் ஒன்றே எழுதினார்.

எந்த உணவு காக்கிறது, எது கொல்கிறது என்பதில் பிராடன் சொன்னது முற்றிலும் சரி. ஏன் என்பதில் சொன்னது தவறு. பச்சரிசி கிடங்கில் கிடக்கும்போது அதில் ஏதோ நஞ்சு உண்டாகிறது, அந்த நஞ்சே பெரிபெரி என்று அவர் நம்பினார். அவர் கவனித்ததை மற்றவர்கள் சோதித்தார்கள். கோலாலம்பூர் மனநோய் விடுதியில் வில்லியம் ஃபிளெட்சர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார். பச்சரிசி தின்ற 120 பேரில் 36 பேருக்குப் பெரிபெரி வந்தது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசி தின்ற 123 பேரில் நோய் கண்டவர்கள் இருவர்தான். அவர்களும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஹென்றி ஃபிரேசரும் ஆம்புரோஸ் ஸ்டேன்டனும் நெகிரி செம்பிலானின் உட்பகுதியில், டுரியான் திப்புஸில் சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே கேள்வியோடு போனார்கள். பச்சரிசிக் குழுவில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றியபோது நோயும் இடம் மாறியது. அரிசியில் நஞ்சு எதுவும் சேரவில்லை, தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஒன்று போய்விடுகிறது என்பது அவர்களின் ஆய்வில் தெளிவாயிற்று. போனது தயமின், அதாவது வைட்டமின் பி1. நெல்லை அவிக்கும்போது அது தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. 1926-இல்தான் ஜாவாவில் யான்சனும் டோனாத்தும் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே தோட்டத்துச் சோறு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது.

இந்தக் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. பழமும் காய்கறியும் ஏன் நல்லவை என்று இன்று யாரைக் கேட்டாலும் ஒரே விடைதான் வருகிறது: ஆன்டிஆக்சிடன்ட். தேயிலைப் பொட்டலம், மங்குஸ்தான் சாற்றுப் போத்தல், மருந்துக்கடை மாத்திரை டப்பா எல்லாவற்றின் மேலும் அந்தச் சொல் இருக்கிறது. காய்கறியும் பழமும் நிறையச் சாப்பிடுகிறவர்கள் நீண்டநாள் வாழ்கிறார்கள் என்பது உறுதியான செய்தி. அதற்கு ஆன்டிஆக்சிடன்ட்தான் காரணம் என்பது ஒரு விளக்கம். செய்தியும் விளக்கமும் வேறு வேறு. கடந்த முப்பதாண்டு ஆய்வுகள் செய்தியை மேலும் உறுதிப்படுத்தின. விளக்கத்தைப் பெரும்பாலும் தகர்த்துவிட்டன. இந்த அத்தியாயம் சொல்ல வருவது அவ்வளவுதான். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் நம் பணம் போகும் இடமும் தட்டில் விழும் உணவும் மாற வேண்டியிருக்கும்.

அந்த விளக்கம் பிறந்த இடம் தோட்டத்து மக்களுக்கு அந்நியமானதல்ல. ரப்பர் நாள்பட்டால் வெடிக்கும், பிசுபிசுக்கும், உதிரும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பர் மூலக்கூறின் நீண்ட சங்கிலியை இடையிடையே அறுத்துவிடுவதே காரணம். ஓரிடத்தில் தொடங்கும் அறுப்பு, இணை இழந்த எலக்ட்ரான் ஒன்றைச் சுமந்த துணுக்கை உண்டாக்கும். அந்தத் துணுக்கு பக்கத்து மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும். அது அடுத்ததிடம் பறிக்கும். இந்தத் துணுக்குகளுக்கு ஃப்ரீ ராடிக்கல் என்று பெயர். தன் எலக்ட்ரானைத் தானே கொடுத்துத் தொடரை நிறுத்தும் பொருள் ஆன்டிஆக்சிடன்ட். டயர் தொழிற்சாலைகளும் பெட்ரோல் நிறுவனங்களும் மருத்துவ உலகத்துக்கு முன்பே இந்தப் பொருள்களைப் பயன்படுத்தின. பால்மரமே தன் பாலில் இப்படிப்பட்ட பொருள்களை வைத்திருக்கிறது: வைட்டமின் ஈ குடும்பத்தைச் சேர்ந்த டோகோட்ரையினால்களை 1960-களில் ரப்பர் பாலிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் ஃப்ரீ ராடிக்கல் வேதியியலில் வேலை செய்துவிட்டுப் பிறகு மருத்துவம் படித்தவர் அமெரிக்கரான டென்ஹாம் ஹார்மன். 1956-இல் அவர் ஒரு துணிச்சலான கருத்தை வெளியிட்டார்: ரப்பருக்கும் எண்ணெய்க்கும் நடப்பதுதான் உடலுக்கும் நடக்கிறது, முதுமை என்பது இந்தத் துணுக்குகள் சிறுகச் சிறுகச் செய்யும் சேதம். அழகான கருத்து, வேதியியலும் சரி. உடலுக்குள் இந்தத் துணுக்குகள் உண்டு, அவை மரபணுவையும் கொழுப்பையும் தாக்குகின்றன என்பதும் உண்மை. அதிலிருந்து அடுத்த படி தானாக வந்தது. காய்கறியில் வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் எல்லாம் ஆன்டிஆக்சிடன்ட்கள். காய்கறி தின்கிறவர்களுக்குப் புற்றுநோய் குறைவு. ஆகவே அந்தப் பொருள்களைப் பிரித்து மாத்திரையாகக் கொடுத்தால் அதே பலன் கிடைக்க வேண்டும். 1981-இல் ரிச்சர்ட் பீட்டோ, ரிச்சர்ட் டால் போன்ற பெரிய ஆய்வாளர்களே பீட்டா கரோட்டின் புற்றுநோயைக் குறைக்குமா என்று நேர்மையாகக் கேட்டு, சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள்.

சோதித்தார்கள். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டினும் மற்றவர்களுக்கு மருந்தில்லா மாத்திரையும் கொடுத்தார்கள். 1994-இல் வந்த முடிவு மருத்துவ உலகத்தை அதிர வைத்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது; இறப்பும் 8 விழுக்காடு கூடியிருந்தது. தற்செயலாக இருக்கலாம் என்று சொல்லவும் வழியில்லாமல், அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களுமான 18,314 பேரிடம் நடந்த சோதனையை 1996-இல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அங்கே பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் சேர்த்து எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 28 விழுக்காடு கூடுதல். புகைபிடிக்காதவர்களே பெரும்பான்மையாக இருந்த 22,071 அமெரிக்க மருத்துவர்களிடம் பீட்டா கரோட்டினை 12 ஆண்டுகள் சோதித்துப் பார்த்தார்கள்; தீங்கும் இல்லை, நன்மையும் இல்லை. வைட்டமின் ஈ-யை 35,533 ஆண்களிடம் சோதித்தபோது, பிராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியிருப்பதை 2011-இல் கண்டார்கள். மாத்திரை விளம்பரங்களில் இந்த எண்கள் வருவதே இல்லை. சோதனையில் தோற்ற ஒரு பொருளைத் தோற்றதாகச் சொல்லாமல் விற்பது எனக்குப் பெரிய அநியாயமாகத் தெரிகிறது. அதை வாங்குகிறவர் பெரும்பாலும் உடல்நலம் பற்றி உண்மையாகவே கவலைப்படுகிறவர்.

ஏன் தோற்றது? உடல் ரப்பர் அல்ல என்பதுதான் முதல் காரணம். ரப்பருக்குத் தன்னைக் காத்துக்கொள்ள வழியில்லை. நாம் கலந்துவிட்டதுதான் உண்டு. உடல் தனக்கு வேண்டிய காவலைத் தானே உண்டாக்குகிறது. மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் 1969-இல் கண்டறிந்த சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், அதோடு கேட்டலேஸ், குளுட்டத்தயோன் ஆகியவை உயிரணுவுக்குள் இரவு பகலாக வேலை செய்கின்றன. சாப்பாட்டிலிருந்து வரும் நிறப்பொருள்கள் இவற்றோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. குடலில் கொஞ்சம்தான் உறிஞ்சப்படுகிறது, அதையும் கல்லீரல் உடனே உருமாற்றி வெளியேற்றிவிடுகிறது. ஆப்பிள் போன்ற பழங்களைத் தின்ற பிறகு இரத்தத்தின் ஆன்டிஆக்சிடன்ட் திறன் ஏறுவதைக் காட்டிச் சிலர் வாதிடுவார்கள். ஒரிகனில் லைனஸ் பாலிங் பெயரில் இயங்கும் நிறுவனத்தின் லொட்டிட்டோவும் ஃபிரெய்யும் 2006-இல் அந்த ஏற்றத்தை ஆராய்ந்தபோது, பெரும்பகுதி யூரிக் அமிலத்தால் வருவது என்று கண்டார்கள். பழத்தின் சர்க்கரையான ஃபிரக்டோஸ் செரிக்கும்போது உண்டாகும் யூரிக் அமிலம் அது; பழத்தின் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. ஃப்ரீ ராடிக்கல்கள் வெறும் பகைவர்கள் அல்ல. வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்வது அவற்றைக் கொண்டுதான். உழைக்கும் தசையில் அவை பிறக்கும்போது, அதையே செய்தியாக எடுத்துக்கொண்டு உடல் தன் காவலைப் பலப்படுத்துகிறது. மிக்கேல் ரிஸ்டோவின் குழு 2009-இல் உடற்பயிற்சி செய்த இளைஞர்களுக்கு வைட்டமின் சி-யும் ஈ-யும் மாத்திரையாகக் கொடுத்தபோது, பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும் நன்மையே மழுங்கிப்போயிற்று. செய்தியை அழித்தால் பதிலும் வராது.

சோதனைக் குழாயில் ஒரு பொருள் எவ்வளவு ஆன்டிஆக்சிடன்டாக நடந்துகொள்கிறது என்பதை வைத்து அதன் நன்மையை அளப்பது எவ்வளவு பிழை என்பதற்குத் தோட்டத்திலேயே சான்று இருக்கிறது. கொட்டைப்பாக்கில் பாலிஃபீனால்கள் நிறைந்து கிடக்கின்றன. சோதனைக் குழாயில் அது சிறப்பாகவே மதிப்பெண் வாங்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல், புகையிலை சேர்க்காத வெற்றிலைபாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியரிடையே, அதிலும் பெண்களிடையே, மற்ற இனத்தாரைவிட அதிகம். அதிகாலையில் ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்குக் கிளம்பும்போது வாயில் போட்டுக்கொண்ட வெற்றிலைபாக்குக்கும் இதற்கும் உள்ள தொடர்பை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். உணவுப் பொருள்களை ஆன்டிஆக்சிடன்ட் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்திய பட்டியலை அமெரிக்க வேளாண் துறையே 2012-இல் தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது. அந்த எண்களுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை, விளம்பரக்காரர்கள் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதே அது சொன்ன காரணம்.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். மாத்திரை தோற்றதென்றால் காய்கறியின் பெருமையும் பொய்யாக இருக்கலாமே? காய்கறி தின்கிறவர்கள் வசதியானவர்கள், புகைக்காதவர்கள், நடக்கிறவர்கள். அதனால்தான் நீண்டநாள் வாழ்கிறார்களோ? கேட்க வேண்டிய கேள்விதான். மலேசியாவும் இந்தியாவும் உள்ளிட்ட 18 நாடுகளில் 135,335 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2017-இல் வெளியானது. காய், பழம், பருப்பு மூன்றும் சேர்த்து நாளுக்கு 375 முதல் 500 கிராம் வரை சாப்பிட்டவர்களிடம் இறப்பு குறைந்திருந்தது. வயது, வருமானம், படிப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பின்பும் அந்த வேறுபாடு நின்றது. அதற்கு மேல் சாப்பிட்டால் கூடுதல் பலன் அதிகமில்லை என்பதும் அதில் ஒரு நல்ல செய்தி. ஏழை வீட்டுக்கும் எட்டும் அளவு அது. கவனித்துப் பார்க்கும் ஆய்வு போதாது என்பவர்களுக்கு, அமெரிக்காவில் 459 பேருக்குச் சமைத்தே கொடுத்து நடத்தி, 1997-இல் முடிவு வெளியான சோதனை இருக்கிறது. உப்பின் அளவையும் உடல் எடையையும் மாற்றாமல், காய்கறியும் பழமும் மட்டும் கூட்டிக் கொடுத்த எட்டு வாரத்தில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 7 புள்ளி இறங்கியது. சாப்பாட்டை மாற்றியதால் மட்டுமே வந்த இறக்கம் அது. பணமோ படிப்போ அதில் நுழைய வழியில்லை. பொட்டாசியம் இரத்தக் குழாயைத் தளர்த்துகிறது. கீரையின் நைட்ரேட்டும் அதற்கு உதவுகிறது. நார்ச்சத்து சர்க்கரை இரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது, குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்குத் தீனியாகிறது. ஃபோலேட் இரத்தம் ஊறவும் கருவில் குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக உருவாகவும் வேண்டும். தட்டில் பாதியைக் காய் பிடித்துக்கொண்டால் சோறும் இனிப்பும் பொரித்ததும் தானாகக் குறைகின்றன. இந்தக் கடைசிக் காரணத்தை யாரும் போத்தலில் அடைத்து விற்க முடியாது. அதனாலேயே அதைப் பற்றி அதிகம் பேச்சில்லை என்று நினைக்கிறேன். முட்டைக்கோஸ் குடும்பத்தின் சல்ஃபோரஃபேன் போன்ற பொருள்கள்கூட, துணுக்குகளைத் தாமே பிடித்து அடக்குவதைவிட, உயிரணுவை லேசாகச் சீண்டி அதன் சொந்தக் காவலைத் தட்டியெழுப்புவதாகவே இன்று தெரிகிறது.

இன்னொரு எதிர்ப்பும் உண்டு, அதுவும் கனமானது. சீனாவின் லின்சியனில் பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றும் சேர்ந்த மாத்திரை இறப்பை 9 விழுக்காடு குறைத்ததே? முதியவர்களின் பார்வையை அரிக்கும் மேக்குலா சிதைவு முற்றுவதை வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம் கலந்த மாத்திரை கால்பங்கு குறைத்ததாக 2001-இல் அமெரிக்கக் கண் ஆய்வு காட்டியதே? இரண்டும் உண்மை. லின்சியன் மக்கள் பல தலைமுறையாகச் சத்துக் குறைந்து வாழ்ந்தவர்கள். இல்லாததைக் கொடுத்தால் உடல் தேறும். கண் நோய் உள்ளவர்களுக்கான மாத்திரை மருத்துவர் பார்த்துக் கொடுக்கும் மருந்து. அதன் அடுத்த பதிப்பில் புகைபிடிப்பவர்களின் நுரையீரலை எண்ணி, பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு லூட்டினைச் சேர்த்தார்கள். குறை உள்ள இடத்தில் மாத்திரை மருந்து. குறை இல்லாத இடத்தில் அது சும்மா, சில சமயம் ஆபத்து.

சரி, விளக்கம் தவறாகவே இருக்கட்டும், அந்தப் பெயரைச் சொல்லியாவது மக்கள் காய்கறி தின்றால் நல்லதுதானே என்பவர்களும் இருக்கிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. பிராடனின் நஞ்சுக் கொள்கைப்படி, புதிதாகத் தீட்டிய பச்சரிசி ஆபத்தில்லாதது. அதை நம்பிக் கிடங்கை மட்டும் சுத்தம் செய்திருந்தால் சாவு தொடர்ந்திருக்கும். தவறான விளக்கம் தவறான இடத்துக்குக் கூட்டிப்போகும். இன்று அது மங்குஸ்தான் சாற்றுக்கும் டோகோட்ரையினால் மாத்திரைக்கும் கூட்டிப்போகிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பின், பனை எண்ணெய்க்கே ஆன்டிஆக்சிடன்ட் புகழ் சேர்ந்துவிட்டது. செம்பனையின் கச்சா எண்ணெயில் கிலோவுக்கு 500 முதல் 700 மில்லிகிராம் கரோட்டின் இருப்பது உண்மை. அந்தச் சிவப்பே அதுதான். கடையில் வாங்கும் வெளிர் மஞ்சள் சமையல் எண்ணெயில் சுத்திகரிப்பு அதைப் போக்கிவிடுகிறது. சாயூர் மானிஸ் கதை இன்னும் கடுமையானது. தமிழ்நாட்டில் தவசிக்கீரை என்கிறார்களே, அதுதான். வதக்கியும் முட்டையோடு சூப்பாகவும் தலைமுறைகளாக நெகிரி செம்பிலானில் சாப்பிடுகிறார்கள். 1994, 1995-இல் தைவானில் உடல் இளைக்கும் என்று நம்பி அதன் பச்சை இலையை அரைத்து நாள்தோறும் சாறாகக் குடித்த நூற்றுக்கணக்கானோரின் நுரையீரல் நுண்குழாய்கள் திரும்பச் சரியாகாதபடி அடைபட்டன, சிலர் இறந்தார்கள். கீரையைக் கீரையாகச் சாப்பிடுவதும் சாறெடுத்து மருந்தாக்குவதும் ஒன்றல்ல. பழத்திலும் இதே வேறுபாடு தெரிகிறது: அமெரிக்காவில் 187,000-க்கு மேற்பட்டோரைப் பார்த்த 2013-ஆம் ஆண்டு ஆய்வில் முழுப்பழம் தின்றவர்களுக்கு நீரிழிவு குறைந்தது, பழச்சாறு குடித்தவர்களுக்குக் கூடியது.

நீரிழிவு இங்கே போகிறபோக்கில் சொல்லக்கூடிய விஷயமல்ல. 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. அதே ஆய்வில், தேவையான அளவு காயும் பழமும் சாப்பிடாதவர்கள் நூற்றுக்கு 95 பேர். இவர்கள் அறியாமையால் அப்படி இருக்கிறார்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தோட்டத் தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கச் சொன்னது. எல்லாத் தோட்டத்திலும் அது ஒழுங்காகக் கிடைத்துவிடவில்லை. ஆனாலும் லயத்துக்குப் பின்னால் முருங்கையும் அகத்தியும் தண்டுக்கீரையும் பாகலும் வெண்டையும் இருந்தன; ஓரத்தில் பப்பாளியும் கொய்யாவும் நின்றன. நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு, ஆரஞ்சைப்போல் நான்கு மடங்கு. அதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை. பிறகு தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டன. நீலாய், லாபு, செண்டாயான் பக்கமெல்லாம் ரப்பரும் செம்பனையும் இருந்த நிலத்தில் தாமான் குடியிருப்புகள் எழுந்தன. மலிவு விலை அடுக்குமாடிக்கு மாறிய குடும்பம் கூரையைப் பெற்றது, மண்ணை இழந்தது. கீரைக்கட்டும் இனி காசு கொடுத்து வாங்கும் பொருள். அரிசியும் சீனியும் பொரித்த கோழியும் வயிற்றை மலிவாக நிரப்புகிற ஊரில் முதலில் குறைவது கீரைக்கட்டுதான். தட்டில் பாதி காயும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ என்று சுகாதார அமைச்சு சொல்லும் அளவு சரியானது. அந்தப் பாதியை நிரப்ப வழி வேண்டும். அடுக்குமாடி கட்ட அனுமதி கேட்கும் மேம்பாட்டாளரிடம் வாகன நிறுத்தத்துக்கு இடம் கேட்பதுபோலவே பொதுக் காய்கறிப் பாத்திக்கும் இடம் கேட்க மாநில அரசால் முடியும். தண்டுக்கீரை விதைத்த ஒரு மாதத்துக்குள் பறிக்கலாம். ஊன்றிய முருங்கைக் கொம்பு சில மாதங்களில் இலை தரும்.